இங்கே குடியிருக்கிறாளா என்று கேட்டார்கள்

அன்புள்ள பட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அவருடைய முட்டிவலி மட்டும் படியைப் பார்த்தால் வருகிறது, சமதளத்தில் போய்விடுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா போனைப் பிடுங்கி, எல்லாம் முடிந்துவிட்டது, நீ கவலைப்படாதே என்று வைத்துவிடுகிறார். முடிந்தது உண்மைதான். என்ன முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீயாவது படித்துப் பார்த்துப் புரியவை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அங்கே தூதரகத்தில் கொடுத்திருக்கிறேன், இங்கே வீட்டுக்கு விசாரிக்க வருவார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தாய். தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்டதற்குப் பதில் சொன்னவள் நான், எனக்கென்ன பயம் என்றுதான் இருந்தேன். வந்தவர் காவல் நிலையத்துக்காரர், சின்ன வயசு. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உன் படம் ஒட்டிய தாளை எடுத்து, இந்தப் பெண் இங்கேதான் குடியிருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றால் இந்த முகவரி எப்படி உன்னுடையதாகும் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டு நான் ஆமாம் என்றேன். அதே நொடியில் பின்கட்டிலிருந்து துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்த உன் அப்பா இல்லை என்றார். வந்தவர் பேனாவை மூடினார். சரி, மனுஷன் உண்மையைச் சொல்லிவிட்டார், நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று நான் இல்லை என்று மாற்றிக்கொண்டேன். பெண்டாட்டியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவர் ஆமாம் என்று மாற்றிக்கொண்டார். "ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசிட்டு ஒரே பதிலா வந்து சொல்லுங்கம்மா" என்றார் அந்தப் பிள்ளை. கிண்டலா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை.

நாங்களும் சமையலறைக்குப் போய்ப் பேசினோம், வேறென்ன செய்வது. அப்பா, உன் வேலை, அங்கே தங்கும் அனுமதி எல்லாம் இந்த பாஸ்போர்ட்டில்தான் தொங்குகிறது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்றார். வெளியே வந்தால் அந்தப் பிள்ளை அதற்குள் அக்கம்பக்கத்தில் கேட்கக் கிளம்பிவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரர் நல்ல மனுஷன், இவர்களுக்கு ஒரு பெண் இருப்பது தெரியும், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை என்று உள்ளதைச் சொன்னார். எதிர்வீட்டு டீச்சரம்மா உதவி செய்வதாக நினைத்து, ஐயோ நன்றாகத் தெரியுமே, ஸ்கூட்டரில் வரும், கண்ணாடி போட்டிருக்கும், வெடுக்கு வெடுக்கென்று பேசும் என்றார்கள். அது உன் பெரியம்மா மகள். வாராவாரம் எங்களுக்கு மாத்திரை வாங்கிக் கொண்டுவருகிறாளே, அவளைத்தான் எங்கள் பெண் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் உன் படத்தைப் பார்த்தார், கண்ணாடி இல்லை. டீச்சரம்மாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திரும்ப மேலே வந்தபோது குரலே மாறியிருந்தது. இந்த முகவரியில் வசிக்கவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும், யாருக்காக யார் விண்ணப்பித்தார்கள் என்றே சந்தேகமாக இருக்கிறது, நிலையத்துக்கு வரவேண்டி இருக்கும் என்றார். பெற்ற பெண்ணை என் பெண்தான் என்று எதை வைத்துச் சொல்வேன், பட்டு? உன் குழந்தைப் படங்களை எடுத்துக் காட்டினேன். அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

கடைசியில் உன் அறையைக் காட்டச் சொன்னார். காட்டினேன், காட்டும்போதே வெட்கமாக இருந்தது. உன் கட்டிலும் புத்தக அலமாரியும் இருக்கின்றன, ஆனால் நடுவில் அப்பாவின் உடற்பயிற்சி சைக்கிள், அதன்மேல் காயப்போட்ட துணி, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, பழைய மின்விசிறி. கடைசியாக எப்போது வந்தார்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது என்றேன். எத்தனை நாள் இந்த அறையில் தங்கினார்கள் என்றார். நான் யோசித்தேன். நீ வந்தாய், ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்தாய், குளிக்க மட்டும் வீட்டுக்கு ஓடி வந்தாய், விடுப்பு முடிந்து அங்கிருந்தே விமானம் ஏறினாய். நீ வெளிநாடு போகும் முன் நாம் இருந்தது வாடகை வீடு, இதை வாங்கியதே நீ போன பிறகு. உன் அறை, உன் அறை என்று நாளெல்லாம் வாய் ஓயாமல் சொல்கிறேன், கூட்டுகிறேன், அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. வாயில் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. "இந்த ரூம்ல அவ ஒரு நாள்கூடத் தூங்கினதில்ல சார்" என்றேன். அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான், காரியம் கெட்டது, உன் வேலை போனது, எல்லாம் என்னால் என்று கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கையிலிருந்த தாளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். அப்புறம், வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம், அதுதானே உங்களுக்குத் தெரியுமே என்றேன். தெரியாதாம். அவர் கைக்கு வந்த தாளில் அது இல்லையாம். தூதரகத்தில் கொடுத்த விண்ணப்பம் எந்த வழியாகச் சுற்றி வந்தால் நீ வெளிநாட்டில் இருக்கிற விஷயம் விட்டுப்போகும், எனக்குத் தெரியவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா அரை நிமிஷ வேலைம்மா, அதுக்குத் தனியா ஒரு கட்டமே இருக்கு" என்றார். அப்போது எங்களை உள்ளே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னது எதற்கு? கேட்கவில்லை. திரும்பி வந்தால் எங்கே வருவார்கள் என்று மட்டும் கேட்டார். அப்பா சட்டென்று, "இங்கதான். வேற எங்க போவா?" என்றார். அந்தப் பிள்ளை எதையோ எழுதி, எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, டீச்சரம்மாவிடம் உங்கள் பெண்ணின் போட்டோவை ஒருமுறை காட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணை சரியாக முடிந்தது என்று உனக்கே செய்தி வந்துவிட்டதாகச் சொன்னாய், இனிமேல் பயமில்லை. ஆனால் நீ அங்கே வீடு வாடகைக்கு எடுத்தபோது நிரந்தர முகவரி என்று இந்த வீட்டைத்தான் கொடுத்தாய், இங்கே கேட்டால் நீ அங்கே இருப்பவள் என்று எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் சரி பார்த்தாகிவிட்டது, இரண்டு பக்கமும் முத்திரை விழுந்துவிட்டது, நீ எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எனக்குத் தெளிவாகவில்லை. அப்பாவிடம் கேட்டால் காகிதத்தைக் காகிதமாகப் பார் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூங்கியதும் உன் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். யாராவது ஒருவராவது அங்கே தூங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது. தையல் மெஷின் சத்தம் தரை வழியாக ஏறி வருகிறது, பழகினால் தொந்தரவில்லை. வெயில் சாய ஆரம்பித்ததும் நேராகத் தலையணையில் விழுகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. இத்தனை நாள் கூட்டியும் இது எனக்குத் தெரியாது.

புது பாஸ்போர்ட் வந்ததும் நகல் எடுத்துப் பெரியம்மா மகளுக்கும் ஒன்று அனுப்பிவை, எங்களிடம் இருந்தால் பத்திரமாக வைத்த இடத்தை மறந்துவிடுவோம். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஒரு குறையும் இல்லாமல், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் அமைந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். மறக்காமல் ஒன்று எழுது. வெயில் படாமல் கட்டிலைத் திருப்பிப் போடப் போகிறோம், நீ சுவர்ப்பக்கம் படுப்பாயா ஜன்னல் பக்கம் படுப்பாயா என்று எனக்கு நினைவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா