ஓட்டை போட்ட கார்டு

மோனிஷா,

நீ தூங்கிக்கினு இருக்க, எழுப்ப மனசு வரல. நான் மொத பஸ்ஸுல மெட்ராஸ் போறேன். உன் மெட்ரோ கார்ட எடுத்துக்கினேன், மாத்திக் குடுப்பாங்களான்னு கேக்கணும்.

நேத்து இன்டர்வியூக்குப் போற வழியில அது ஸ்டேஷன் கேட்டுல வேல செய்யல, லேட்டாயிடுச்சி, கம்பெனிக்குள்ளயே விடலன்னு அழுத. நான், "எதக் குடுத்தாலும் கெடுத்துக்கினு வந்து நிக்கற"ன்னு கத்திட்டேன். அப்பறம் தமிழ்ச்செல்வன் மாமாவுக்கு போன் பண்ணி, கார்டு ஏன் வேல செய்யலன்னு கேட்டேன். கார்டுக்குள்ள சுத்திலும் மெல்லிசா கம்பி ஓடுதாம், ஓட்டை போட்டா அறுந்துடுமாம். நீ தொலைச்சிடப் போறியேன்னு முந்தாநாள் ஆணியச் சுட வச்சி ஓட்டை போட்டு, சாவிக்கொத்துல கோத்துக் குடுத்தது நான்தானே.

ராத்திரி நீ ஒண்ணும் துன்னல. அடுப்பு மேல இட்லி இருக்குது, குண்டால வேர்க்கடலைச் சட்னி. சிலிண்டர் வண்டி வந்தா காலிய எடுத்து வெளிய வை.

அந்தக் கம்பெனிக்கு இன்னொரு தடவ போன் பண்ணிப் பாரும்மா. எங்க நைனாவாலதான் லேட்டாச்சின்னு சொல்லு.

நைனா

புது கார்டுல ஓட்டை போட மாட்டேன். தொலைஞ்சா தொலையட்டும், உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.