மைதானத்தில் நான்கு முட்டைகள்

மஞ்சக்குப்பம்,
8-5-1966

சௌபாக்கியவதி பாலாம்பாளுக்கு, தியாகேசன் அன்போடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதுவது. இங்கு நானும் பொன்னியும் சுகம். நீயும், உள்ளே இருந்து உன்னை உதைத்துக்கொண்டிருப்பவரும் சுகமாக இருக்க நடராஜப் பெருமான் துணை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. போன வாரம் கோர்ட்டு வேலையாக இங்கே வந்த உன் அண்ணன், கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார் போலிருக்கிறது. பொன்னி செருப்பில்லாமல், முழங்காலில் காயத்தோடு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தில் திரிகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அத்தனையும் உண்மை. காயம் ஆறிவிட்டது. டிஞ்சர் போட்டபோது கலெக்டர் ஆபீஸ் வரை கேட்கும்படி அலறினாள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், சபாநாயகம் மச்சானுக்கு ஏன் சிரமம்?

ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து பிள்ளையை அழைத்துப் போவார், பிரசவம் முடியும்வரை சிதம்பரத்தில் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வேன் என்கிறாயே, அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் டைபாய்டில் அவள் கிடந்த இருபத்தொரு நாளும் நீ கண் மூடவில்லை. நான் மறக்கவில்லை, பாலா. அன்று முதல் அவளை மண் மிதிக்க விடாமல் வைத்திருந்தாய். நானும் சரி என்றுதான் இருந்தேன். வளைகாப்பு முடிந்து நீ ஊருக்குப் போன மறுவாரம், ஜன்னலில் உட்கார்ந்தபடி, "அப்பா, கடலு எப்பவும் சத்தம் போட்டுக்கினே இருக்குமா, இல்ல தூங்குமா?" என்று கேட்டாள். கடலூரில் பிறந்த ஏழு வயதுப் பிள்ளை! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஞாயிறே சைக்கிளில் வைத்துத் தேவனாம்பட்டினம் கொண்டு போனேன். முதல் அலைக்கு என் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலாவது அலைக்கு விட்டுவிட்டாள். ஜலதோஷம் பிடித்தது எனக்குத்தான்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தைலம்மாளின் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போகிறாள். பரீட்சை முடிந்து லீவு விட்டதிலிருந்து காலையிலும் உண்டு. இரண்டு தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருப்பாளே, இப்போது நாலு தின்றுவிட்டு என் தட்டைப் பார்க்கிறாள்.

சித்திரைப் பிறப்பன்று மைதானத்தின் ஓரத்தில், சரளைக்கல் நடுவே, வெறும் தரையில் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட முட்டைகள். எனக்குக் காட்டியபோதுகூட முதலில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தாய்க் குருவி எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்து ஊரைக் கூட்டியது. "கிட்ட போனா கத்துது, எட்ட நின்னா ஒக்காந்துக்குது" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை, தானே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஒருவரையும் விடவில்லை. தைலம்மாளின் மூத்தவன் கலியமூர்த்தி இவளைவிட ஐந்து வயது பெரியவன், அவனே கிட்டிப்புள் ஆட்டத்தை வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டான். மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குருவியைக் காட்டி அவளே சொல்லிவிட்டாள், "அம்மா மாதிரியே கத்துதுப்பா" என்று. நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

இன்று காலை போனபோது மூன்று முட்டை பொரித்திருந்தது. நாலாவதைப் பற்றி என்னிடம் நூறு கேள்வி கேட்டாள். ஈரம் காய்ந்ததும் குஞ்சுகள் தாமாகவே எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டன. தாய் பின்னாலேயே கத்திக்கொண்டு போயிற்று. வீடு திரும்பும்போது பொன்னி வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலுக்கு வந்ததும், "கத்திக்கினே இருந்துச்சுப்பா. ஆனா போவ வுட்டுச்சு" என்றாள்.

எனக்குப் பயமில்லை என்று நினைத்துவிடாதே. அவள் அலையில் நிற்கிற நேரமெல்லாம் எனக்கு மூச்சே வருவதில்லை. நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது, பாலா, கேட்டுக்கொள்கிறேன். மச்சானை மட்டும் அனுப்பாதே.

உன்,
தியாகேசன்

சிதம்பரம்,
11-5-1966

பொன்னியின் அப்பா அவர்களுக்குப் பாலாம்பாள் வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். என்னைக் குருவி என்று எழுதியதை அண்ணன் வீட்டில் எல்லோரும் படித்தாகிவிட்டது, உங்களுக்குச் சந்தோஷம்தானே?

கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் அவளை வெளியே விட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சி ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துத் தலை முழுக வைக்க வேண்டும். செருப்பு போடாவிட்டால் போகட்டும், ராத்திரி படுக்குமுன் காலைக் கழுவிப் பாதத்தில் முள் இருக்கிறதா என்று விளக்கில் பாருங்கள். உங்களுக்கு மறுபடி ஜலதோஷம் பிடித்தால் மிளகு ரசம் வைக்கத் தைலம்மாளிடம் சொல்லுங்கள்.

அண்ணனைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குழந்தையோடு நான் வந்ததும் பொன்னி எனக்கு அந்த இடத்தைக் காட்ட வேண்டும். அம்மா எட்டவே நின்று பார்ப்பாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.