நோட்டில் இல்லாத பெயர்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

மத்தியானம் கிழக்கேகோட்டையில் என் இன்டர்நெட் கடைக்கு ஒரு மலையாளி சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். போன வியாழன் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இங்கிருந்து ஒரு காலேஜ் பெண்ணுக்கு மிரட்டல் மெயில் போயிருக்கிறதாம். அவள் பயந்து வீட்டை விட்டே வெளியே வருவதில்லையாம்.

வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டைக் கேட்டார். அன்றைக்கு ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு பெயரும் இல்லை.

“ஆரும் வந்தில்லையா?”

“நல்ல மழை சார். ஞாபகமில்லை.”

“ஆளைக் காட்டலேன்னா கேஸ் உன் தலையில, கேட்டோ. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரணும்.” நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெரியாதவர்களைத்தான் நோட்டில் எழுதச் சொல்வேன். தெரிந்தவர்களிடம் அதை நீட்டுவது மரியாதை இல்லை என்று நினைத்திருந்தேன். அந்த மழையில் கடையில் இருந்தது ஒரே ஆள், என் மனைவி கமலாவின் அண்ணா. தலை துவட்ட நான்தான் துண்டு கொடுத்தேன். வேறு யாராவது வந்திருப்பார்களா? இல்லை. யாரும் வரவில்லை.

கமலாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாதம் போடும்போது, “ஞாயித்துக்கிழமை அண்ணா சாப்பிட வரான். கடையைச் சீக்கிரம் மூடிட்டு வந்துடுங்கோ” என்றாள்.

மோரை விட்டுப் பிசைந்துகொண்டே, சரி என்றேன்.