டிக்கியில் கிடந்த ஜெர்கின்

டிச. 3, புதன்
விடாத தூறல். வத்தல்மலையில் தடுப்பூசி நாள். போட்டுக்கொண்டது: சுடிதார், ஸ்வெட்டர், மேலே ரெயின்கோட், மஃப்ளர், இரண்டு சாக்ஸ், அதன்மேல் கேரிபேக். மூன்றாவது வளைவு தாண்டுவதற்குள் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி, ஸ்வெட்டர் கல்லாய்க் கனத்தது.

ஸ்கூட்டர் டிக்கியில் என் வீட்டுக்காரருடைய ஜெர்கின், பாலித்தீன் கவருக்குள். எடுக்கவில்லை. குவைத் கிளம்புமுன் கடைசியாகப் போட்டது. பதினான்கு மாதம் ஆயிற்று, காலரில் இன்னும் அவர் வாசனை. வேர்வை, தேங்காய் எண்ணெய். நனைந்தால் போச்சு.

கிறிஸ்மஸுக்கு வருகிறார். இன்னும் 22 நாள்!

டிச. 10, புதன்
மழை, காற்று. எதிரில் வண்டி வந்தால் தெரியாத மூட்டம். ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிவர மாதம்மாவால் முடியாததால் நானே அவள் வீட்டுக்குப் போனேன். கை நடுங்கி ஊசி பிடிக்க முடியவில்லை. மாதம்மா அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்தாள். உள்ளே கம்பளி, தலைக்குமேல் மூலை மடித்த உரச்சாக்கு. ஒரு சொட்டு படவில்லை அவள் மேல்.

பதிவேடு எடுக்க டிக்கியைத் திறந்தபோது கவரைப் பார்த்துவிட்டாள். "அதென்ன நர்சம்மா, சொக்காயப் பத்திரமா வச்சிக்கிட்டு நீங்க வெடவெடன்னு நிக்கிறீங்க? வூட்டுக்காரருதா?"

"ஆமா."

"அவரு பார்த்தா என்னையத்தான் வைவாரு. போடுங்க மொதல்ல."

அவளே மாட்டிவிட்டு, அடுப்போரம் உட்காரவைத்தாள். நடுக்கம் நின்றது. ஊசி போட்டேன். கிளம்பும்போது ஒரு சாக்கும் கொடுத்தாள், நனையாமல் இறங்கினேன்.

வீட்டில் காலரை மோந்தேன். அடுப்புப் புகை, உரவாசனை. அவர் இல்லை. உட்கார்ந்து அழுதேன். ச்சீ, முப்பத்தாறு வயதில்.

டிச. 11
ரெயின்கோட் கழுத்துக்கு ஊக்கு வாங்க வேண்டும். மாமியார்: "ஜெர்கின் ஒரே பொகை நாத்தம். ஊற வச்சிரட்டா?" "தொடாதீங்க அத்தை!" கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

டிச. 14, ஞாயிறு
கொஞ்சம் வெயில். பூசை முடிந்து வந்ததும் அவர் போன். லீவு இல்லையாம். ஏப்ரலில்தான். ஜெர்கினில் புகை ஏறியதைச் சொன்னேன்.

"நம்மூர்க்காரர் ஒருத்தர் வெள்ளிக்கிழமை வர்றாரு. புது ஜெர்கின் குடுத்து வுடட்டுமா?"

"புதுசு வேணாங்க. நீங்க போட்டுக் கழட்டுன சட்டை ஒண்ணு. தொவைக்காம."

"லூசாடி நீ?" சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பப் போட்டிருக்கறதையே வியாழக்கெழம வரைக்கும் போட்டுக்கறேன்."