அக்கா ஜாதகத்தில் போட்ட நம்பர்

ஆவணி 12, வியாழன்

காலையில் ஒட்டன்சத்திரத்துத் தரகர் வந்து அக்காவின் ஜாதகத்தை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்க, இதுல போட்டிருக்கறது யாரு நம்பருங்க? மாப்பிள்ளை வீட்டுல போன் போட்டா எவனோ எடுத்து, பொண்ணு என்கூடத்தான் இருக்குதுன்னு சிரிக்கிறானாம். அவங்க வேண்டாம்னுட்டாங்க."

அப்பா அக்காவைப் பார்த்து, "யாரு அவன்?" என்றார். அவள் அழுதாள். அவளுடைய போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு விஷயம் தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை.

கண்டவர்கள் கைக்கு அக்கா நம்பர் போக வேண்டாம் என்று, ஒரு ஆப்பில் சிம் இல்லாமலே இலவசமாகக் கிடைத்த இன்டர்நெட் நம்பரை ஜாதகத்தில் போட்டது நான்தான். கொஞ்ச நாள் ஆப்பைத் திறக்காமல் விட்டால் அந்த நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அதைப் படிக்காமலே சம்மதம் என்று அழுத்தியிருக்கிறேன்.

சாயங்காலம்தான் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப அதை நிப்பாட்டச் சொல்லு தாயி. நம்ம நம்பர்தானே?"

"இல்லப்பா. அது எப்பவுமே நம்மளது இல்ல."

அவர் திட்டவில்லை. பீரோவைத் திறந்து போனை எடுத்து, "நீயே குடுத்துரு" என்றார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். "வீட்டுலயே பட்டம் வாங்குனவ நீ ஒருத்திதான். இதச் சொல்ல இம்புட்டு நேரமாடி?" கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "அவனுக்கு என் பேரு தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் அவள் பெயரைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கியிருப்பார்கள்.