கேப்டன் குடிக்காத காபி

அன்புள்ள ஜுஹைர்,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று எழுதி என்னையே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். மெலிந்து போயிருக்கிறீர்கள், ஆனால் திமிர் குறையவில்லை என்று வக்கீல் ஹனான் சொன்னாள். அது போதும் எனக்கு. இங்கே நானும் அப்படித்தான். நம் மகள் தாலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளியில் எல்லோரும் கேலி செய்கிறார்களாம். வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகியிருக்கிறாள்.

ஹனான் இதைச் சிறைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்து உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். அவள் குரல் பட்டுப்போல இருக்கும். நீங்கள் என் குரலில் கேட்டுக்கொள்ளுங்கள். நானே வரலாம் என்று மறுபடியும் அனுமதி கேட்டேன். பாதுகாப்புக் காரணத்தால் இல்லை என்றுவிட்டார்கள். படியேறினாலே முட்டி வலிக்கிற என்னைப் பார்த்து ஒரு ராணுவம் பயப்படுகிறது என்றால் எனக்குப் பெருமைதான்.

திராட்சைத் தோட்டத்தில் இலை நன்றாகத் துளிர்த்திருக்கிறது. தூரத்திலிருந்துதான் பார்த்தேன். 'ராணுவப் பகுதி, நுழையாதே' என்ற பலகை அப்படியே நிற்கிறது. ராணுவத்தின் துணையோடு மேட்டில் வந்து குடியேறியவர்களின் தகர வீடுகள் மட்டும் கூடிக்கொண்டே போகின்றன. அவர்களுக்குப் பலகை கண்ணில் படாது போலிருக்கிறது. அப்பாவின் சொத்தில் என் பங்கை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுக்காமல் நான் கேட்டு வாங்கியபோது ஊரே முகத்தைச் சுளித்தது. "இனிமே நான் பொண்டாட்டி தோட்டத்துல கூலியாளு" என்று நீங்கள் ஒருவர்தான் சிரித்தீர்கள். ராணுவம் அடைத்த அந்தத் தோட்டத்துக்காக நான் வழக்குப் போட்டேன், நீங்கள் அலைந்தீர்கள், உங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. ரகசியக் கோப்பு இருக்கிறதாம். உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியாத ரகசியம் அப்படி என்னதான் இருக்கிறதோ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உளவுத்துறைக் கேப்டன் வந்தான். தனக்குத் தானே 'கரீம்' என்று நம் அரபுப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறானே, அவன்தான். முதலில் சிப்பாய்கள் கதவை உடைத்தார்கள். பிறகு அவன் நிதானமாக நடந்து வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, "காபி கிடைக்குமா?" என்றான்.

உங்கள் தம்பி ஜாதல்லா செய்த காரியத்தைக் கேளுங்கள். பயத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. ஏலக்காய் போட்ட கசப்புக் காபியை, விருந்தாளிக்கு ஊற்றுகிற சின்னக் கோப்பையில் ஊற்றி, வலது கையால் நீட்டிவிட்டான். கேப்டன் வாங்கினான். உதட்டருகே கொண்டுபோகவில்லை. தன் முன்னால் தரையில் வைத்தான். பெண் கேட்டு வருகிறவர்களும், கொலைக்குச் சமாதானம் பேச வருகிறவர்களும் வைப்பார்களே, அப்படியே. கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டார் சொன்னால்தான் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்கு அவமானம். நம் வழக்கத்தை அவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருக்கிறான்.

தாலாவின் அம்மா என்று ஊரார் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான். "உம்மு தாலா, வழக்கை வாபஸ் வாங்கு. நான் இந்தக் காபியைக் குடிக்கிறேன். வியாழக்கிழமை உன் புருஷன் வீட்டுல இருப்பான்" என்றான்.

பொய் சொல்ல மாட்டேன், ஜுஹைர். வியாழக்கிழமை என்றதும் உங்கள் நீலச் சட்டைக்கு இஸ்திரி போடுவது வரைக்கும் மனசு ஓடிவிட்டது. ஜாதல்லா தலையைக் குனிந்து நின்றான். தாலா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேப்டன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது. "விருந்தாளின்னா கதவைத் தட்டுவான். துப்பாக்கியை வெளியில வச்சுட்டு வருவான். நீங்க கதவையே பேத்துக்கிட்டு வந்திருக்கீங்க. இது விருந்தாளிக்கு ஊத்தின காபி இல்ல. என் கொழுந்தன் பயத்துல தப்பா ஊத்தினது" என்றேன். கோப்பையை எடுத்தேன். அவன் கண்ணெதிரேயே தொட்டியில் கொட்டினேன், கழுவினேன், கவிழ்த்து வைத்தேன். ஒரு சிப்பாய்க்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான்.

கேப்டன் எழுந்தான். "உன் புருஷன் மேல உனக்குப் பிரியமே இல்லையா?" என்று கேட்டான். "பிரியம் இல்லாத ஆளுக்காகவா உங்க கோர்ட் வாசல்ல நான் தேஞ்சு போறேன்?" என்றேன். சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் ஜாதல்லா அழுதான். "ஒரு வார்த்தை, அண்ணி. சரின்னு ஒரு வார்த்தை. அண்ணன் வந்திருப்பாரு" என்றான். அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. ஊரிலும் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். வியாழக்கிழமை தாலா மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இருட்டிய பிறகு தூக்கி வந்தேன். என் தோளில் குத்திக் குத்தி அழுதாள். குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாளே உங்கள் காவலை இன்னும் ஆறு மாதம் நீட்டிவிட்டார்கள். உங்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஹனானிடம் உட்கார்ந்து சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போரில் பிடித்த மண்ணின் மக்களை அந்த மண்ணைவிட்டு வெளியே கொண்டுபோய் அடைக்கக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறதாம். அப்படியென்றால் உங்களை அந்தப் பாலைவனச் சிறையில் வைத்திருப்பதே தப்பு. "சட்டம் தெளிவாத்தான் இருக்கு, அதை நடத்திவைக்கத்தான் ஆள் இல்ல" என்றாள் ஹனான். ஆள் வருகிறவரை நான் இருக்கிறேன். வழக்காடி வாங்கினால் உரிமை, வாபஸ் கையெழுத்துப் போட்டு வாங்கினால் சலுகை. உங்களை எனக்குச் சலுகையாக வாங்க வேண்டாம். திங்கட்கிழமை வழக்கு வருகிறது, போகிறேன். அதற்கு முன்னால் பலகையைத் தாண்டிப் போய் அரிசி வைத்துச் சுருட்டிச் சமைக்க ஒரு கூடை இலையாவது பறித்துவிடப் போகிறேன். விரட்டினால் விரட்டட்டும்.

நான் செய்தது சரியா என்று உங்களிடம் கேட்கவில்லை. தப்பு என்று நீங்கள் சொன்னாலும் திங்கட்கிழமை போவேன். திட்ட வேண்டுமென்றால் ஹனானிடம் திட்டியனுப்புங்கள்; உங்கள் வார்த்தையாக ஏதோ ஒன்று எனக்கு வந்தால் போதும்.

ஒன்றே ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அவர்கள் உங்களிடம் வருவார்கள். "உன் பொண்டாட்டிதான் உன்னை இங்க பூட்டி வச்சிருக்கா" என்று சொல்வார்கள். தினமும் சொல்வார்கள், விதவிதமாகச் சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள், ஜுஹைர். தூக்கம் வராமல் புரள்கிற நேரத்திலும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பூட்டின் சாவி என்னிடம் இருந்ததே இல்லை.

இறைவன் உங்கள் உடம்பைக் காக்கட்டும். உங்கள் மனசை என் பக்கமே வைத்திருக்கட்டும்.

உங்கள்
இன்ஆம்