வீடு திரும்பும் பொத்தான்

நேற்று என் மகள் லேப்டாப்பில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஒரு சின்ன உருவம் மழையில் தனியாக நடந்துகொண்டிருந்தது. சுடுவதற்கு ஆளில்லை, ஓரத்தில் ஸ்கோரும் இல்லை. "இதுல எப்படிடி ஜெயிக்கிறது?" என்று கேட்டேன். "ஜெயிக்கிறதெல்லாம் கிடையாதும்மா. சும்மா நடக்கணும். ரெண்டே பேர் வீட்ல உக்காந்து பண்ண கேம். இப்ப இதுமாதிரி நிறைய வருது" என்றாள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். தோழி, நீ ஒருத்தியே உட்கார்ந்து பண்ணினாயே, அதுவும் அந்தக் காலத்தில், என்று சொல்ல வாயெடுத்தேன். யாரிடம் சொல்ல? அதனால்தான் உனக்கே எழுதுகிறேன்.

அம்பத்தூரில் ஸ்வீட் கடைக்கு மாடியில் இருந்த நம் கம்ப்யூட்டர் சென்டர் உனக்கு மறந்திருக்காது. பசங்களுக்குப் பாடம் எடுக்க உன்னையும் என்னையும் போட்டிருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிஷினுக்குத் தூசி ஆகாதாம். ஆனால் நீ மசால் வடையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய் கீபோர்டு பக்கத்திலேயே வைத்துத் தின்பாய். கேட்டால், "வடைக்கு ஏதுடி தூசி?" என்பாய். உன்னோடு பேசி ஜெயித்தவர் யார்?

பகல் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போனதும் நீ எதையோ எழுதிக்கொண்டிருப்பாய். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, அவ்வளவுதான் நமக்கு வாய்த்தது. அதில் சாய்வுக் கோடுகளை மேலிருந்து கீழே ஓடவிட்டு மழை பெய்ய வைத்தாய். நாலைந்து எழுத்துகளைச் சேர்த்து ஒரு சிறுமியைச் செய்தாய். அவள் கையில் மடக்கிய குடை. இடது ஓரத்தில் ஒரு வீடு, வலது ஓரத்தில் ஒரு ஸ்டேஷன். அம்புக்குறியை அழுத்தினால் சிறுமி ஸ்டேஷனுக்கு நடப்பாள். ரயில் வரும். ஆட்கள் இறங்கிப் போவார்கள். அந்த அழுதுவடியும் பெட்டியிலிருந்து நம் மின்சார ரயிலின் ஊதல் மாதிரி ஒரு சத்தத்தை எப்படித்தான் வரவழைத்தாயோ, முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது.

நம்மோடு வேலை பார்த்தவர் ஒருவர் ஆடிப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டார். "இன்னா மேடம் இது, ஒருத்தனக்கூட சுட முடியல. பாயிண்டும் ஏறல. மழதான் பேஞ்சிகினு கீது."

நீ சிரித்துவிட்டு வடையைக் கடித்தாய். அன்று ரயிலில் பட்டாபிராமுக்குத் திரும்பும்போதுதான் என்னிடம் சொன்னாய். "இத எங்கம்மா ஆடணும். அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்டி. இத்தன வருசமா வாயால வரல." உன் அப்பா நீ அஞ்சாவது படிக்கும்போது தவறிவிட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு மூடிவிடுவோம். மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து முதல் புரோகிராமை ஓட்டுவது ஓனரின் வழக்கம். எப்போதும் சம்பளக் கணக்குதான் ஓடும். அந்த வருஷம் நீ போய்க் கேட்டாய், உன்னுடையது ஓடட்டும் என்று. முதல் பொத்தானை உன் அம்மா அழுத்தட்டும் என்று. அவர் என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

உன் அம்மா செருப்பை விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். திரையைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார். "இன்னாடி, எல்லாம் கோடு கோடா கீது?"

"மழைம்மா."

"இது?"

"ஒரு பொண்ணு. ஸ்டேஷனுக்குக் கொட எடுத்துகினு போவுது. இத அமுக்கு."

அமுக்கினார். சிறுமி நடந்தாள். ஸ்டேஷனில் போய் நின்றாள். ஒரு ரயில் வந்தது. ஆட்கள் இறங்கி மழையில் ஓடினார்கள். இன்னொரு ரயில் வந்தது. உன் அம்மா ஒவ்வொரு ஆளாகத் தேடியதை நான் பார்த்தேன். அடுத்த ரயிலும் வந்து போனது.

"அவரு வரலியே" என்றார். அந்தச் சிறுமி யாருக்காக நிற்கிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "எவ்ளோ நேரம்டி நிக்கும் இந்தப் பொண்ணு?"

"நான் நின்ன வரைக்கும்மா."

அவர் கை பொத்தானிலிருந்து எழுந்தது. "அன்னிக்கு நீ ஸ்டேசன்லயா நின்னுகினு இருந்த? கம்பெனி ஜீப்புல வந்து அவரு பூட்டாருன்னு ஊட்ல சொல்லிகினு இருந்தப்போ... நீ அவருக்குக் கொட எடுத்துகினு போனியா? தொப்பலா வந்து நின்ன. எங்கடி சுத்திகினு வரேன்னு உன்ன அடிச்சேனே."

எனக்குக் கண்ணை மறைத்தது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் சொல்ல முடியாததை நாலு எழுத்தும் சில கோடுகளும் சொல்லிவிட்டனவே என்று மலைத்து நின்றேன். கதை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். ஆனால் அந்தப் பொத்தானில் கை வைத்து, அவரே அந்த ஸ்டேஷனில் நின்றுவிட்டார். அன்று எனக்கு உண்டான பிரமிப்பு இன்னும் தீரவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உன் அம்மா கேட்டார். "செரி. கொயந்த நனஞ்சிகினு கீது. ஊட்டுக்கு இட்டுகினு போலாம். எத அமுக்கணும்?"

உன் முகம் வெளுத்தது. வலது பக்கம் போக மட்டும்தான் எழுதியிருந்தாய். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவள், வீட்டுக்குத் திரும்ப வழி வைக்கவே இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று உன்னைச் சீண்ட நான் என்றைக்கும் தயங்கியதில்லை. அன்று முடியவில்லை.

"திரும்பி வரதுக்கு எழுதலம்மா."

"அப்போ எழுது. நான் குந்திகினு கீறேன்."

நீ எழுதினாய். ஓனர் நல்ல நேரம் போகிறது என்று சொல்ல வந்து, சொல்லாமல் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நின்றார். கீபோர்டில் சந்தனம் காய்ந்து உன் விரலெல்லாம் ஒட்டியது. முடித்துவிட்டு நகர்ந்துகொண்டாய்.

உன் அம்மா இடது பொத்தானை அழுத்தினார். சிறுமி திரும்பினாள். ரெண்டடி வைத்ததும் அவர் நிறுத்தினார். "கொடய ஏன் மடிச்சே வச்சிகினு கீது?"

"அது அப்பாவுக்கும்மா."

"விரிக்கச் சொல்லு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அதையும் எழுதினாய். குடை விரிந்தது. உன் அம்மா அந்தச் சிறுமியைக் கொஞ்சமும் அவசரப்படாமல், வீட்டு வாசல்வரை கூட்டிப் போனார். அப்புறமும் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஃபிளாப்பி பூசணம் பிடித்துப் போயிற்று. அதைக் கடைசிவரை ஆடிய ஒரே ஆளான உன் அம்மாவும் போய்விட்டார். போன ஐப்பசியில் நீயும் போய்விட்டாய். இப்போது அந்தச் சிறுமி என் தலைக்குள் மட்டும்தான் நடக்கிறாள்.

நேற்று மகளிடம், "இதுல திரும்பி வர முடியுமா?" என்று கேட்டேன். "ஏம்மா?" என்றவள் இடது பொத்தானை அழுத்திக் காட்டினாள். உருவம் திரும்பி நடந்தது. என்னை அறியாமல் பெருமூச்சு விட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கிண்டலடிக்காதே. நீ போனதிலிருந்து, பட்டாபிராமில் இறங்கினால் நான் உடனே கிளம்புவதில்லை. வேலை மாறிய பிறகு நீ எப்போதும் கடைசிப் பெட்டியில் வருவாய் அல்லவா, அந்தக் கூட்டம் கலையும்வரை நிற்பேன். இன்று மாலையும் நின்றேன். நல்ல மழை. பைக்குள் குடை இருந்தும் நனைந்துகொண்டு நின்றேன். அடுத்த ரயிலும் வந்து போனது.

அப்புறம் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ ஒன்றும் சொல்ல மாட்டாய்.